பேருக்காகக் கடன் வாங்காதே: இரண்டு கறுப்பினக் கல்லூரிகளும் நம் பிள்ளைகளின் கேள்வியும்

போன மாதம் எங்கள் சனிக்கிழமை வாசிப்பு வட்டத்தில் அமெரிக்கக் கறுப்பினக் கல்லூரிகளைப் பற்றிப் பேசினோம். பேசி முடித்ததும், மெக்கானிக்கல் இரண்டாமாண்டு படிக்கிற ஒரு தம்பி கேட்டான்: "அக்கா, ஒரு கறுப்பினப் பொண்ணு இருக்குன்னு வைங்க. ஹோவார்டுலயும் சீட்டு கிடைச்சிருக்கு, நார்த் கரோலினா ஏ அண்ட் டியிலயும் கிடைச்சிருக்கு. ரெண்டுமே இன்ஜினியரிங். எதுல சேரணும்?"

நான் வாய் திறப்பதற்குள் இரண்டு பேர் முந்திக்கொண்டார்கள். ஒருவர் சொன்னார், "எதுக்குத் தனியா கறுப்பர் காலேஜ்? அதுவும் ஒரு மாதிரி பிரிவினைதானே?" இன்னொருவர் போனில் தேடிப் பார்த்துவிட்டு, "ஹோவார்டுதான் ரேங்க்ல மேல இருக்கு. அப்புறம் என்ன யோசனை?" என்றார்.

இரண்டையும் நான் இதற்கு முன் பலமுறை கேட்டிருக்கிறேன். முதல் பதில், இட ஒதுக்கீட்டைப் பார்த்து ஆதிக்கச் சாதிகள் சொல்வது. இரண்டாவது, கலந்தாய்வுக் காலத்தில் கோச்சிங் சென்டர்கள் விற்பது. இங்கே சொன்னவர்கள் நம் பிள்ளைகள். அதனால்தான் இதை எழுதுகிறேன். தம்பியின் கேள்விக்கும் நேரடியாகப் பதில் சொல்லிவிடுகிறேன். நான் அந்தப் பெண்ணை ஏ அண்ட் டிக்குத்தான் போகச் சொல்வேன். ஏன் என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

பிரித்தது யார்?

1862இல் அமெரிக்க நாடாளுமன்றம் மாரில் சட்டம் என்று ஒன்றை நிறைவேற்றியது. மாநிலங்களுக்கு ஒன்றிய அரசு நிலம் கொடுக்கும். அதை விற்று வேளாண்மையும் பொறியியலும் கற்பிக்கும் கல்லூரிகளை மாநிலங்கள் நடத்த வேண்டும். அந்த நிலமே பூர்வகுடி மக்களிடமிருந்து பறித்தது என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். தென் மாநிலங்களில் இப்படி உருவான கல்லூரிகளில் பெரும்பாலானவை கறுப்பினத்தவரை உள்ளே விடவில்லை.

1890இல் இரண்டாவது மாரில் சட்டம் வந்தது. இனம் பார்க்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கறுப்பினத்தவருக்குத் தனிக் கல்லூரி அமைத்து நிதியை நியாயமாகப் பிரித்துக் கொடுங்கள் என்றது. தென் மாநிலங்கள் எதைத் தேர்ந்தெடுத்திருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நார்த் கரோலினாவில் ராலே நகரத்து வெள்ளையர் கல்லூரிக்கு வரவேண்டிய பணம் நின்றுவிடக் கூடாது. அதற்காக 1891இல் கறுப்பினத்தவருக்கென்று ஒரு வேளாண்மை, இயந்திரவியல் கல்லூரி தொடங்கப்பட்டது. அதுதான் கிரீன்ஸ்பரோ நகரில் இருக்கும் இன்றைய ஏ அண்ட் டி.

ஹோவார்டின் கதை வேறு. உள்நாட்டுப் போர் முடிந்து இரண்டே ஆண்டுகளில், 1867இல், தலைநகர் வாஷிங்டனில் நாடாளுமன்றத்தின் சாசனம் பெற்று அது தொடங்கியது. விடுதலை பெற்றவர்களின் நலனுக்காக அமைந்த அரசுத் துறையின் தலைவர் ஜெனரல் ஹோவார்டின் பெயரைத் தாங்கியது. இனமோ பாலினமோ பார்க்காமல் தொடக்கம் முதலே கதவைத் திறந்து வைத்திருந்த கல்லூரி அது.

ஆக, கறுப்பினத்தவர் யாரும் "எங்களுக்குத் தனியாகக் கொடு" என்று கேட்டுப் பிரிந்து போகவில்லை. பொதுக் கல்லூரி என்று பெயர் வைத்துக்கொண்டு வெள்ளையர்தான் பிரித்தார்கள். அமெரிக்கச் சட்டத்தின்படி 1964க்கு முன்பு, கறுப்பினத்தவரின் கல்வியை முதன்மை நோக்கமாக வைத்துத் தொடங்கப்பட்டவையே வரலாற்றுக் கறுப்பினக் கல்லூரிகள். இன்று அவை ஏறத்தாழ 100 இருக்கின்றன. அவற்றில் படிப்பவர்களில் சுமார் நான்கில் ஒருவர் கறுப்பினத்தவர் அல்லர். யாரையும் வாசலில் நிறுத்தி நிறம் கேட்பதில்லை.

ஊரையும் சேரியையும் பிரித்தது யாரென்று நமக்குத் தெரியும். பிரித்து ஒதுக்கப்பட்ட இடத்தில் இருந்துகொண்டு சேரி இளைஞர்கள் ஓர் இரவுப் பாடசாலை நடத்தினால் அதைப் பிரிவினை என்று சொல்வதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்? வாசிப்பு வட்டத்தில் அதைச் சொன்ன தோழரிடம் எனக்குக் கோபமில்லை. அந்த வாக்கியத்தை அவர் வாயில் யார் போட்டார்கள் என்பதில்தான் கோபம்.

அங்கே என்ன கிடைக்கிறது?

நான் சமூகவியல் படித்தபோது மறக்க முடியாத ஓர் ஆய்வு உண்டு. 1995இல் கிளாட் ஸ்டீல், ஜோஷுவா ஆரன்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஸ்டான்ஃபோர்டு மாணவர்களிடம் ஒரு கடினமான தேர்வைக் கொடுத்தார்கள். "இது உன் அறிவாற்றலை அளக்கும் தேர்வு" என்று சொல்லிக் கொடுத்தபோது கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் இறங்கியது. அப்படிச் சொல்லாமல் அதே கேள்விகளைக் கொடுத்தபோது அந்த இறக்கம் பெரிதும் குறைந்தது. "நான் தோற்றால் என் இனமே தோற்றதாகச் சொல்வார்கள்" என்ற பாரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு எழுதினால் கை நடுங்கத்தான் செய்யும்.

இதைப் படித்தபோது எனக்கு அமெரிக்கா நினைவுக்கு வரவில்லை. முதலாண்டில் கணக்குப் பாடத்தில் அரியர் வைத்துவிட்டு, "கோட்டால வந்தவன்தானே" என்ற பேச்சைக் கேட்டு விடுதி அறையை விட்டு வெளியே வராமல் கிடந்த நம் பிள்ளைகள்தான் நினைவுக்கு வந்தார்கள். 2021இல் ஒன்றியக் கல்வி அமைச்சகம் மாநிலங்களவையில் ஒரு கணக்குக் கொடுத்தது. முன்னணி 7 ஐஐடிகளில் அதற்கு முந்தைய 5 ஆண்டுகளில் இளநிலைப் படிப்பைப் பாதியில் விட்டவர்களில் ஏறத்தாழ 63 சதவீதம் பேர் இட ஒதுக்கீட்டுப் பிரிவினர். இதற்குத் 'தகுதிக் குறைவு' என்று பெயர் வைப்பவர்கள் அந்த வகுப்பறைகளுக்குள் ஒரு நாளாவது நம் பிள்ளைகளாக உட்கார்ந்து பார்க்கட்டும்.

கறுப்பினக் கல்லூரியில் ஒரு மாணவி கால்குலஸில் தோற்றால் அவள் மட்டும்தான் தோற்கிறாள். அவள் இனம் தோற்பதில்லை. அடுத்த பருவத்தில் திரும்ப எழுதுகிறாள். பாடம் எடுப்பவர்களில், துறைத் தலைவரில், பக்கத்து பெஞ்சில் என்று எங்கே திரும்பினாலும் தன்னைப் போன்ற முகங்கள் இருக்கின்றன. அமெரிக்கக் கல்லூரிகளில் இவை வெறும் 3 சதவீதம்தான். ஆனால் அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதத்தில் பட்டம் பெறும் கறுப்பினத்தவரில் ஏறத்தாழ கால்வாசிப் பேர் இவற்றிலிருந்து வருகிறார்கள் என்று கணக்குச் சொல்கிறார்கள்.

இந்த நன்மை ஹோவார்டிலும் உண்டு, ஏ அண்ட் டியிலும் உண்டு. எனவே இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க இது உதவாது. தேர்வு வேறு இடத்தில் இருக்கிறது.

ஹோவார்டின் பக்கம்

ஹோவார்டைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி தர்குட் மார்ஷல் 1933இல் சட்டம் முடித்தது அங்கே. எழுத்தாளர் டோனி மாரிசன் படித்ததும் அங்கே. 'கறுப்பு அதிகாரம்' என்ற முழக்கத்தை ஊரெங்கும் கொண்டுபோன ஸ்டோக்லி கார்மைக்கேல் 1964இல் பட்டம் பெற்றதும் அங்கேதான். கமலா ஹாரிஸ் 1986இல் பட்டம் பெற்றார். அவர் துணைக் குடியரசுத் தலைவரானபோது நம் ஊடகங்கள் துளசேந்திரபுரத்துக்கு ஓடி அவருடைய தாத்தாவின் கோவிலைப் படம் பிடித்தன. அவரைக் கறுப்பின அரசியலுக்குள் கொண்டுபோய் நிறுத்திய கல்லூரியைப் பற்றி எத்தனை பேர் எழுதினார்கள்? அக்ரகாரத்துக்கு வழி தெரிந்த அளவுக்கு ஹோவார்டுக்கு வழி தெரியவில்லை.

2025இல் ஆராய்ச்சிக்கான உச்சத் தகுதியான ஆர் 1 வகைக்குள் வந்த ஒரே கறுப்பினப் பல்கலைக்கழகம் ஹோவார்டுதான். ஏ அண்ட் டி அதற்கு அடுத்த படியில், ஆர் 2 வகையில், இருக்கிறது. ஆறு ஆண்டுகளுக்குள் பட்டம் முடிப்பவர்களின் விகிதமும் ஹோவார்டில் கூடுதல். தலைநகரில் இருப்பதால் கிடைக்கும் தொடர்புகளும் அதிகம். இவ்வளவும் உண்மை.

ஆனால் ஹோவார்டு தனியார் பல்கலைக்கழகம். கல்விக் கட்டணம் மட்டும் ஆண்டுக்கு 30 ஆயிரம் டாலருக்கு மேல். அந்த ஊரில் தங்க, சாப்பிட ஆகும் செலவைச் சேர்த்தால் 50 ஆயிரத்தைத் தாண்டும். இவ்வளவு வாங்கியும் விடுதி எப்படி இருந்தது? 2021 அக்டோபரில் மாணவர்கள் பிளாக்பர்ன் மாணவர் மையத்துக்குள் புகுந்து ஒரு மாதத்துக்கும் மேல் கூடாரம் போட்டுத் தங்கிப் போராடினார்கள். விடுதிச் சுவரெல்லாம் பூஞ்சை பிடித்துக் கிடக்கிறது என்பது அவர்களுடைய முதன்மைக் குற்றச்சாட்டுகளில் ஒன்று. நம் ஆதிதிராவிடர் நல விடுதிகளைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பூஞ்சையின் நாற்றம் புதிதல்ல. நம்மவர்களின் கல்லூரி என்பதாலேயே நிர்வாகத்தைக் கேள்வி கேட்காமல் விட்டுவிட முடியாது என்பதை அந்த மாணவர்கள் காட்டினார்கள்.

ஏ அண்ட் டியின் பக்கம்

ஏ அண்ட் டி அரசுப் பல்கலைக்கழகம். நார்த் கரோலினா மாணவருக்கு ஓராண்டுக் கல்விக் கட்டணம், இதர கட்டணம் எல்லாம் சேர்த்து 10 ஆயிரம் டாலருக்குள் முடிந்துவிடும். வெளிமாநிலத்தவருக்கு அது 20 ஆயிரம் அளவில் வரும். 2014 முதல் கறுப்பினக் கல்லூரிகளில் மாணவர் எண்ணிக்கையில் பெரியது அதுதான். பல ஆண்டுகளாக நாட்டிலேயே மிக அதிகமான கறுப்பினப் பொறியியல் பட்டதாரிகளை உருவாக்கும் இடமும் அதுவே. ஹோவார்டில் பொறியியல் பல துறைகளில் ஒன்று. ஏ அண்ட் டி பிறந்ததே இயந்திரங்களைப் பற்றிக் கற்றுக்கொடுக்க.

அங்கே பொறியியல் கட்டடம் ஒன்றுக்கு ரொனால்டு மெக்நேர் பெயரை வைத்திருக்கிறார்கள். 1971இல் அங்கே இயற்பியல் பட்டம் பெற்று, எம்ஐடியில் முனைவரானவர். விண்வெளிக்குப் போனவர். 1986இல் சேலஞ்சர் ஓடம் வெடித்தபோது இறந்த ஏழு பேரில் ஒருவர்.

அதைவிட நமக்கு நெருக்கமான ஒரு வரலாறு அந்த வளாகத்துக்கு உண்டு. 1960 பிப்ரவரி 1. ஏ அண்ட் டியின் முதலாண்டு மாணவர்கள் நான்கு பேர் கிரீன்ஸ்பரோவில் உல்வொர்த் என்ற கடைக்குப் போனார்கள். கடையில் மற்ற பொருள்களைக் கறுப்பினத்தவருக்கு விற்பார்கள். காசு வாங்கக் கசக்காது. ஆனால் உணவு மேடையில் உட்கார்ந்தால் காபி தரமாட்டார்கள். நான்கு பேரும் அங்கே உட்கார்ந்து காபி கேட்டார்கள். கொடுக்கவில்லை. கடை மூடும்வரை எழுந்திருக்கவில்லை. மறுநாள் இன்னும் பலர் வந்தார்கள். பக்கத்து பென்னட் மகளிர் கல்லூரி மாணவிகளும் சேர்ந்தார்கள். சில நாள்களில் நூற்றுக்கணக்கானோர். தென் மாநிலங்கள் முழுக்கப் பரவியது. ஜூலை மாதம் அந்தக் கடை பணிந்தது.

இரட்டைக் குவளையைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்த மேடை என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்த நால்வரில் ஒருவரான ஜோசப் மெக்நீல் படித்தது பொறியியல் இயற்பியல். பிற்பாடு விமானப்படையில் மேஜர் ஜெனரல் ஆனார். "இன்ஜினியரிங் படிக்கிறவனுக்கு எதுக்கு அரசியல்?" என்று உங்கள் வீட்டிலோ கல்லூரியிலோ யாராவது கேட்டால் அவர் பெயரைச் சொல்லுங்கள்.

கடன் என்னும் முன்பணம்

இப்போது அந்தப் பெண்ணின் வீட்டுக்கு வருவோம். அப்பா அம்மா நார்த் கரோலினாவில் சாதாரண வேலையில் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சொந்தச் சொத்து பெரிதாக இல்லை. தலைமுறை தலைமுறையாக நிலம் வாங்கவும், வீட்டுக் கடன் பெறவும் தடுக்கப்பட்ட சமூகத்தில் எங்கிருந்து இருக்கும்?

ஒன்றிய அரசின் கல்விக் கடன் மாணவரின் பெயரில் முதலாண்டில் 5,500 டாலர்தான் கிடைக்கும். மீதிக்குப் பெற்றோர் பெயரில் 'பேரன்ட் பிளஸ்' என்ற கடன் உண்டு. பெற்றோரின் வருமானத்தில் அதைக் கட்ட முடியுமா என்று பார்க்காமல், கல்லூரிச் செலவு முழுவதற்கும் கொடுத்துவந்த கடன் அது. திவால் ஆனால்கூட எளிதில் தள்ளுபடியாகாது. அறுபது வயதிலும் மகளின் படிப்புக் கடனைக் கட்டிக்கொண்டிருக்கும் பெற்றோர் அங்கே ஏராளம். பட்டம் பெற்று நான்கு ஆண்டுகள் கழித்துப் பார்த்தால், கறுப்பினப் பட்டதாரியின் கடன் வெள்ளைப் பட்டதாரியினுடையதைப் போல ஏறத்தாழ இரு மடங்காக இருப்பதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நீதி என்ற பெயரில் படிக்க அனுப்பி, வட்டி என்ற பெயரில் திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள்.

இந்தக் கடனைத் திடீரென்று இறுக்கினாலும் அடி கறுப்பினக் கல்லூரிகளுக்குத்தான். 2011இல் கடன் தகுதி விதிகளைக் கடுமையாக்கியபோது ஆயிரக்கணக்கான கறுப்பின மாணவர்களின் பெற்றோருக்குக் கடன் மறுக்கப்பட்டது, பலர் படிப்பை நிறுத்தினார்கள். 2025இல் வந்த புதிய சட்டம் 2026 ஜூலை முதல் இந்தக் கடனுக்கு ஆண்டுக்கு 20 ஆயிரம், மொத்தம் 65 ஆயிரம் டாலர் என்று உச்சவரம்பு வைக்கிறது. கட்டணத்தைக் குறைக்காமல் கடனை மட்டும் குறைத்தால் மீதிப் பணத்துக்கு எங்கே போவார்கள்? தனியார் வங்கி வாசலுக்கு.

அரிசி ஆலையிலும் செங்கல் சூளையிலும் முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பமே அடைபட்டுக் கிடந்ததை நான் களப்பணியில் பார்த்திருக்கிறேன். பட்டப்படிப்புக் கடனும் அதுவும் ஒன்றல்ல, எனக்குத் தெரியும். ஆனால் முன்பணம் செய்கிற ஒரு வேலையை இந்தக் கடனும் செய்கிறது. அது வாயை அடைக்கிறது. மாதத் தவணை கழுத்தைப் பிடிக்கும்போது பிடிக்காத வேலையை விட முடியாது. அலுவலகத்தில் அவமானப்படுத்தினால் எதிர்த்துப் பேச முடியாது. சங்கம் சேர முடியாது. ஊருக்குத் திரும்பி வந்து நம் மக்களுக்காக இரண்டு ஆண்டுகள் வேலை செய்ய முடியாது. விடுதலைக்காகப் படித்த படிப்பு பயத்தைக் கொடுத்தால் அது யாருக்கு லாபம்?

அதனால்தான் ஏ அண்ட் டி என்கிறேன். இரண்டும் கறுப்பினக் கல்லூரி. இரண்டின் பொறியியல் பட்டத்துக்கும் மதிப்புண்டு. சேரும் துறைக்கு 'ஏபெட்' அங்கீகாரம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்குமேல் ஹோவார்டின் பெயருக்காகக் குடும்பத்தை அடகு வைக்கத் தேவையில்லை. ஹோவார்டு முழு உதவித்தொகை கொடுத்தால்? தாராளமாகப் போகட்டும், நானே பேருந்து ஏற்றிவிடுவேன். வெளிமாநிலப் பெண் என்றால் ஏ அண்ட் டியின் கட்டணமும் கூடும், அப்போது தன் மாநிலத்தில் இருக்கும் கறுப்பின அரசுக் கல்லூரியையும் சேர்த்து ஒப்பிடட்டும். எதற்கும் முதல் கணக்கு கடன் கணக்குதான்.

கடன்பட்டவர் யார்?

ஆனால் இத்தோடு நிறுத்தினால் நானும் கோச்சிங் சென்டர் ஆலோசகர்போல ஆகிவிடுவேன். "புத்திசாலித்தனமாகத் தேர்ந்தெடு" என்று அந்தப் பெண்ணுக்கு அறிவுரை சொல்கிறோமே, அவள் தலையில் இந்தக் கணக்கை ஏற்றி வைத்தது யார்?

2023 செப்டம்பரில் அமெரிக்க ஒன்றிய அரசின் கல்வி, வேளாண் துறை அமைச்சர்கள் 16 மாநில ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். 1890 சட்டத்தில் உருவான கறுப்பினக் கல்லூரிகளுக்கு, அதே மாநிலத்து வெள்ளையர் கல்லூரிக்கு ஒரு மாணவருக்குக் கொடுத்த அளவு கொடுத்திருந்தால், சுமார் முப்பது ஆண்டுகளில் எவ்வளவு கூடுதலாக வந்திருக்கும் என்று கணக்குப் போட்டார்கள். மொத்தம் 1,200 கோடி டாலருக்கு மேல். டென்னசி மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் சுமார் 210 கோடி. ஏ அண்ட் டிக்குச் சுமார் 200 கோடி டாலர். அடிமைமுறைக் காலத்துக் கணக்கல்ல இது. 1987க்குப் பிறகு, நம் கண்முன்னே நடந்தது.

எப்படி நடக்கிறது இந்தத் திருட்டு? ஒன்றிய அரசு ஒரு டாலர் கொடுத்தால் மாநிலமும் ஒரு டாலர் போட வேண்டும் என்பது விதி. வெள்ளையர் கல்லூரிக்கு மாநிலம் தன் பங்கைப் போட்டுவிடும், பல நேரம் கூடுதலாகவே போடும். கறுப்பினக் கல்லூரிக்கு வரும்போது விலக்குக் கேட்டு வாங்கிக்கொண்டு பாதியோடு நிறுத்திக்கொள்ளும். எல்லாம் சட்டப்படி நடக்கும். பட்டியலினத் துணைத் திட்ட நிதி செலவழிக்கப்படாமல் கிடப்பதையும் வேறு திட்டங்களுக்குத் திருப்பி விடப்படுவதையும் பார்த்துப் பழகிய நமக்கு இந்தத் தந்திரம் புரியாதா?

இன்னொரு தந்திரமும் உண்டு. மேரிலாந்தில் மார்கன் ஸ்டேட் என்ற கறுப்பினப் பல்கலைக்கழகம் எம்பிஏ நடத்தி எல்லா இனத்து மாணவர்களையும் ஈர்த்துவந்தது. 2005இல் பக்கத்திலேயே இரண்டு வெள்ளையர் பெரும்பான்மைக் கல்லூரிகள் சேர்ந்து அதே படிப்பைத் தொடங்க மாநிலம் அனுமதித்தது. 2006இல் வழக்குப் போட்டார்கள். 15 ஆண்டுகள் இழுத்தடித்து, 2021இல் நான்கு கறுப்பினக் கல்லூரிகளுக்கு 10 ஆண்டுகளில் 57.7 கோடி டாலர் கொடுக்க மாநிலம் ஒப்புக்கொண்டது. வழக்கு போட்ட ஆண்டில் பிறந்த குழந்தை பத்தாம் வகுப்புக்கு வந்திருக்கும்.

2016இல் வரையப்பட்ட நார்த் கரோலினா நாடாளுமன்றத் தொகுதி எல்லை ஏ அண்ட் டி வளாகத்தின் நடுவே போனது. தெருவுக்கு இந்தப் பக்கம் இருக்கும் விடுதி ஒரு தொகுதி, அந்தப் பக்கம் இன்னொரு தொகுதி. பத்தாயிரம் கறுப்பின மாணவர்களின் வாக்கை இரண்டாக வெட்டினார்கள். பணத்தையும் வெட்டி, வாக்கையும் வெட்டிவிட்டு, "உன் கல்லூரி ஏன் ரேங்க்கில் கீழே இருக்கிறது?" என்று கேட்கிறார்கள். போனில் ரேங்க் பார்த்த தோழரே, நீங்கள் பார்த்தது கல்லூரியின் தரத்தை மட்டுமல்ல, யாரிடமிருந்து எவ்வளவு பிடுங்கினார்கள் என்பதையும்தான்.

"அதான் தனியா இருக்கே!"

2023 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கருதுவதைத் தடை செய்தது. அந்தத் தீர்ப்பை ஆதரித்து நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் எழுதிய தனி உரையில் கறுப்பினக் கல்லூரிகளின் சாதனைகளை எடுத்துக்காட்டினார். அவர் கறுப்பினத்தவர். யேல் சட்டப் பள்ளியில் படித்தவர். தான் ஏறிவந்த ஏணியை உதைத்துவிட்டு, "அந்தப் பக்கம் ஒரு படிக்கட்டு இருக்கிறதே" என்று காட்டுகிறார்.

இந்த வாதத்தை நாம் விழிப்போடு எதிர்கொள்ள வேண்டும். மொத்தக் கல்லூரிகளில் 3 சதவீதமாக இருக்கும் கல்லூரிகள் ஒரு சமூகத்தின் எல்லாப் பிள்ளைகளையும் தாங்க முடியாது. தாங்கவும் தேவையில்லை. கறுப்பினக் கல்லூரி ஒரு தேர்வாக இருக்க வேண்டும், ஒதுங்கிக்கொள்ளும் மூலையாக அல்ல. ஹார்வர்டின் கதவைத் திறக்கச் சொல்வதும் ஏ அண்ட் டியின் பாக்கியைக் கேட்பதும் ஒரே கோரிக்கையின் இரண்டு பாதிகள்.

நமக்கு இதில் என்ன?

கூட்டம் முடிந்தபின் அந்தத் தம்பி தனியாக வந்து கேட்டான்: "நமக்கும் இப்படி ஒரு காலேஜ் இருந்தா நல்லாதானே இருக்கும் அக்கா?"

அண்ணல் அம்பேத்கருக்கும் அது தோன்றியது. 1913 முதல் 1916 வரை கொலம்பியாவில் படித்தவர் அவர். பிற்பாடு, 1946இல், கறுப்பினச் சிந்தனையாளர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். அந்த டுபாய்ஸ் ஃபிஸ்க் என்ற கறுப்பினக் கல்லூரியில் படித்தவர். அதற்கு முந்தைய ஆண்டுதான் அண்ணல் மக்கள் கல்விக் கழகத்தைத் தொடங்கியிருந்தார். 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி, 1950இல் ஔரங்காபாத்தில் மிலிந்த் கல்லூரி. மராத்வாடாவின் தலித் இலக்கியமும் இயக்கமும் மிலிந்த் வளாகத்தில் எப்படி வேர் பிடித்தன என்பது தெரிந்த வரலாறு. எல்லோருக்கும் கதவு திறந்த, ஆனால் நம் கையில் நிர்வாகம் இருந்த கல்லூரிகள் அவை.

தமிழ்நாட்டில் நம்மிடம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் இருக்கின்றன. அவற்றைப் பள்ளிக்கல்வித் துறையோடு இணைப்பதாக 2023 நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தபோது நமக்குள்ளேயே இரண்டு கருத்து எழுந்தது. ஒதுக்கிவைத்த பெயர் போகட்டும் என்றார்கள் சிலர். நமக்கென்று இருக்கும் சொத்தும் நிதியும் போய்விடும் என்றார்கள் வேறு சிலர். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒன்றை யோசியுங்கள். ஏ அண்ட் டிக்கும் நலப் பள்ளிக்கும் என்ன வேறுபாடு? அங்கே வேந்தரிலிருந்து பேராசிரியர் வரை அந்தச் சமூகத்தின் மனிதர்கள் முடிவெடுக்கிறார்கள். முன்னாள் மாணவர்கள் அந்தக் கல்லூரியின் பெயரைச் சட்டையில் எழுதிப் பெருமையோடு போட்டுக்கொள்கிறார்கள். நம் பள்ளிகளை ஒரு துறை நடத்துகிறது, நலத் திட்டம் என்ற பெயரில். அதில் படித்ததை வெளியே சொல்ல நம்மவர்களே கூசுகிறார்கள். பெயர்ப் பலகையை மாற்றுவதைவிட, முடிவெடுக்கும் நாற்காலியில் யார் உட்கார்கிறார்கள் என்பதுதான் பெரிய கேள்வி.

அதுவரை, கலந்தாய்வில் நிற்கும் தம்பி தங்கைகள் ரேங்க் பட்டியலை மூடி வைத்துவிட்டு நான்கு கேள்விகளைக் கேளுங்கள். போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை வரும்வரை காத்திருப்பார்களா, இல்லை சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொண்டு பணம் கேட்பார்களா? நம் பிள்ளைகள் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதோடு, எத்தனை பேர் முடித்தார்கள்? நம்மவர் யாராவது அந்தத் துறையில் பாடம் எடுக்கிறாரா? அநியாயம் நடந்தபோது அங்கே மாணவர்கள் கூடிப் பேச முடிந்ததா? இந்த நான்குக்கும் பதிலை அந்தக் கல்லூரியில் படிக்கும் நம் சீனியர் அண்ணன், அக்காக்களிடம்தான் வாங்க முடியும். கூச்சப்படாமல் போய்க் கேளுங்கள்.

தம்பி, உன் கேள்விக்கு என் பதில் இதுதான். அந்தப் பெண் கிரீன்ஸ்பரோவுக்குப் போகட்டும். கடன் இல்லாமல் இன்ஜினியர் ஆகட்டும். ஆனபின், தன் கல்லூரிக்கு மாநிலம் தரவேண்டிய அந்த 200 கோடி டாலரைக் கேட்கிற கூட்டத்தில் முன்வரிசையில் நிற்கட்டும். நீயும் உன் அரியரை முடி. நமக்கு வரவேண்டிய பாக்கியும் இருக்கிறது.

ஜெய் பீம்!